குழிக்கு ஒரு கருணை
(திருவண்ணாமலையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அண்ணாமலையார் ஊரில் மேடை ஏறினால் அருணகிரிநாதரைப் பேசு, சேஷாத்திரி சுவாமிகளைப் பேசு, ரமணரைப் பேசு என்பார்கள். நான் பேச வந்திருப்பது கருணைக்கிழங்கைப் பற்றி. சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கிழங்கு என்றாலே நமக்குச் சிரிப்புதான். பொங்கலுக்கு முந்தின நாள் விலையைக் கேட்டால் மட்டும் அந்தச் சிரிப்பு நின்றுவிடும்.

புண்ணிய பூமியில் அடுப்பங்கரைப் பேச்சா என்று யாராவது கேட்டால், அவர்களுக்கு ஒரு செய்தி சொல்கிறேன். ரமணரின் தாயார் அழகம்மாள் இந்த மலைமேல் மகனோடு வந்து தங்கியிருந்த காலத்தில், அப்பளம் இட ஒத்தாசைக்கு வா என்று அவரைக் கூப்பிட்டார். மகன் வந்தாரா? அப்பளம் இடும் பக்குவத்தையே தத்துவமாக்கி ஒரு பாட்டு எழுதிக் கொடுத்தார். அதுதான் அப்பளப் பாட்டு. பின்னாளில் ஆசிரமம் வளர்ந்து, உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் வரத் தொடங்கிய பிறகும், விடிவதற்கு முன்னால் எழுந்து சமையற்கட்டில் உட்கார்ந்து காய் நறுக்கியவர் அவர். அவர் காய் நறுக்கிய ஊரில் நான் கிழங்கைப் பேசினால் குற்றமில்லை.

முதலில் எந்தக் கிழங்கு என்பதைத் தெளிவாக்கிவிடுகிறேன். மேலே கரடுமுரடாக, மண் ஒட்டிக்கொண்டு, கடையில் முழுதாக உட்கார்ந்திருக்குமே, கடைக்காரர் கத்தியை வைத்து அரைக் கிலோ, ஒரு கிலோ என்று பிளந்து கொடுப்பாரே, அந்தப் பெரிய கருணை. திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கம் இதைச் சேனைக்கிழங்கு என்பார்கள். மசியலுக்குப் போடுகிற பிடிகருணை வேறு. அதை இன்னொரு நாள் பார்ப்போம்.

நம் வீடுகளில் கருணை வாங்குகிறோம், சமைக்கிறோம். யார் வளர்க்கிறோம்? இந்த அரங்கத்தில் கை தூக்கச் சொன்னால் எத்தனை கை எழும்? கொல்லைப்புறம் உள்ள வீட்டில்கூட முருங்கை இருக்கும், கறிவேப்பிலை இருக்கும், வாழை இருக்கும், துளசி மாடம் இருக்கும். கருணை இருக்காது. ஏன் இருக்காது? இதுதான் இன்றைக்கு என் கேள்வி.

இந்த மண்ணுக்குக் கிழங்கு அன்னியமா? இங்கிருந்து செங்கம் எவ்வளவு தூரம்? பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். சங்க காலத்தில் அந்த ஊர் செங்கண்மா. அதை ஆண்டவன் நன்னன். அவனைப் பாடிய மலைபடுகடாம் பத்துப்பாட்டில் ஒன்று. பாடியவர் பெருங்கௌசிகனார். பரிசில் தேடி அலைகிற கூத்தர் கூட்டத்துக்கு, நன்னனிடம் போகும் வழியை எடுத்துச் சொல்கிற பாட்டு அது. அந்த வழியெல்லாம் என்னென்ன விளைந்து கிடக்கிறது என்று புலவர் அடுக்கிக்கொண்டே போகிறார். எள் சொல்கிறார், தினை சொல்கிறார், அவரை சொல்கிறார், இஞ்சி சொல்கிறார். நடுவில் கவலைக்கிழங்குக்கு வருகிறார். குழிக்குக் குழி, பெண்யானையின் முழங்கால் போலப் பருத்துக் கிடக்கிறதாம் கிழங்கு!

கவலை கொடியில் விளைகிற கிழங்கு. கருணை வேறு குடும்பம். அதை நான் மறைக்கவில்லை. நான் பார்ப்பது கிழங்கை அல்ல, குழியை. ஒவ்வொரு குழியிலும் என்கிறாரே, அந்தக் குழியை. பாட்டைப் படிக்கிற பலர் நன்னனின் கொடையைப் பார்ப்பார்கள், யாழைப் பார்ப்பார்கள், மலை எழுப்பும் ஓசையைப் பார்ப்பார்கள். எனக்குக் கண்ணில் படுவது, நம் மாவட்டத்து மலைச்சரிவில் ஈராயிரம் ஆண்டுக்கு முன் கிழங்கு நின்ற குழிகள். அந்தக் குழிகள் இன்றைக்கு எங்கே போயின?

சிமென்டுக்குக் கீழே போயின. நம் ஊர் 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டது. சந்தோஷம். ஆனால் மனை வாங்கியவர் முதலில் செய்கிற காரியம் என்ன? சுற்றுச்சுவர் வரைக்கும் தளம் போடுவது. கேட்டால், மண் இருந்தால் பாம்பு வரும், சேறாகும், கார் நிறுத்த வேண்டும். சரி, சொந்த வீட்டுக்காரருக்குக் கார். வாடகை வீட்டுக்காரருக்கு என்ன? “எங்களுக்கு நிலையே இல்லை, எதை நட்டு எதை எடுப்பது?” என்கிறார்கள். ஐயா, வாடகை ஒப்பந்தம் 11 மாதம். கருணைக்கு வேண்டியது எட்டு, ஒன்பது மாதம். ஒப்பந்தம் முடிவதற்குள் கிழங்கைத் தோண்டிக் குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டுச் சாவியைக் கொடுக்கலாம்!

இன்னொரு காரணமும் உண்டு. கிழங்கு என்றால் பஞ்சத்துச் சாப்பாடு என்று ஓர் எண்ணம் நம் மனசில் ஊறிக் கிடக்கிறது. அது காரணமில்லாமல் வந்ததல்ல. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தை வாட்டியபோது, தானியம் இல்லாதவர்கள் காட்டுக்குப் போய் வேரையும் கிழங்கையும் தோண்டித் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டார்கள். ஜவ்வாது மலை மக்களுக்குக் காட்டுக் கிழங்கு எப்போதும் தெரிந்த உணவு. சமவெளிக்காரனுக்கு அது கதியற்ற நாளின் உணவு. சோறு கிடைத்ததும் கிழங்கை மறந்தோம். மறந்தது மட்டுமா, கொஞ்சம் கேவலமாகவும் பார்த்தோம்.

அதே பஞ்சம் முடிந்த சில ஆண்டுகளில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது தெரியுமா? திருவிதாங்கூரில் 1880இல் விசாகம் திருநாள் மகாராஜா பட்டத்துக்கு வந்தார். ஆண்டது ஐந்தே ஆண்டுகள். தென் அமெரிக்காவிலிருந்து போர்த்துகீசியர் கொண்டுவந்த மரவள்ளியை நாடு முழுக்கப் பரப்பினார். நஞ்சு இருக்கும் என்று ஜனங்கள் பயந்தபோது, அரண்மனையில் சமைக்கச் செய்து, தாமே உண்டு காட்டினார் என்று இன்றைக்கும் கதை சொல்வார்கள். அந்த வேலையின் பலன் அறுபது வருஷம் கழித்துத் தெரிந்தது. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனது. பர்மா அரிசி நின்றுபோனது. அரிசிக்கு வெளிநாட்டை நம்பியிருந்த திருவிதாங்கூர் மரவள்ளியைத் தின்று பிழைத்தது. மலாயாத் தோட்டங்களில் இருந்த நம் தமிழ் ஜனங்களும் அந்த ஜப்பான் காலத்தில் மரவள்ளியைத் தின்றே நாளைக் கடத்தினார்கள். யாழ்ப்பாணத்தாரைக் கேளுங்கள், மரவள்ளி தின்ற அன்று இஞ்சி சேர்க்கக் கூடாது என்று இன்றைக்கும் கண்டிப்பாகச் சொல்வார்கள். அவ்வளவு பழகிப்போன சாப்பாடு. சேலத்தில் அதே மரவள்ளி ஜவ்வரிசி ஆலையாக மாறியது. இன்று ஒரு வட்டாரத்தையே வாழவைக்கிறது.

அப்படியானால் ஏன் மரவள்ளியை விட்டுக் கருணையைப் பேசுகிறேன்? வீட்டுக்குக் கருணைதான் தோது. மரவள்ளி ஆள் உயரத்துக்கு மேல் வளரும், வெயில் கேட்கும், பிடுங்கினால் இரண்டு மூன்று நாளில் கெட்டுப்போகும். கருணை அப்படி அல்ல. தென்னை நிழலிலும் வளரும், வாழைக்கு இடையிலும் வளரும், முருங்கையின் அடியிலும் வளரும். தோண்டி எடுத்து, மண் உதிர்த்து, நிழலில் காற்றாடப் பரப்பி வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். குளிர்ப்பெட்டி கேட்காத காய்கறி இன்றைக்கு எத்தனை இருக்கிறது?

இனி வளர்க்கும் பக்குவத்துக்கு வருவோம். தாய்மார்கள் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். ஆண்கள் இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும், குழி வெட்டப் போவது அவர்கள்தான்.

கருணைக்கு விதை கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கிழங்குதான் விதை. எந்த விதைக் கம்பெனியிடமும் போய் நிற்க வேண்டாம். கிழங்கின் தலையில், நடுவில், மோதிரம் போல ஒரு வட்டமும் அதற்குள் ஒரு முளையும் இருக்கும். அதுதான் கண். கிழங்கைத் துண்டு போடும்போது ஒவ்வொரு துண்டிலும் அந்தக் கண்ணின் ஒரு பங்கு இருக்கும்படி, மேலிருந்து கீழாகக் கீற வேண்டும். துண்டு அரைக் கிலோ இருந்தால் நல்லது; கால் கிலோ இருந்தாலும் முளைக்கும், கிழங்கு சிறுக்கும், அவ்வளவுதான். வெட்டிய துண்டைச் சாணக் கரைசலில் முக்கி நிழலில் உலர்த்துங்கள். வெட்டுவாய் காயாமல் நட்டால் அழுகும்.

குழி இரண்டடி அகலம், ஒன்றரையடி ஆழம். குழிக்குக் குழி மூன்றடி. மேல்மண்ணோடு மக்கிய தொழுவுரத்தைக் கலந்து முக்கால் குழியை நிரப்பி, துண்டைக் கண் மேல்நோக்க வைத்து, மண்ணால் மூடி, மேலே சருகு போர்த்திவிடுங்கள். மண் இல்லாத வீட்டுக்காரர் சிமென்டுச் சாக்கை எடுத்துக்கொள்ளலாம். செம்மண், மணல், மக்கிய எரு மூன்றும் கலந்து பாதிச் சாக்கு. அடியில் நாலு ஓட்டை போட மறக்கக் கூடாது. மொட்டை மாடியிலும் வரும்.

எப்போது நடுவது? கேரளத்தில் ஒரு பழமொழி உண்டு: கும்பத்தில் நட்டால் குடம் அளவு, மீனத்தில் நட்டால் மீன்கண் அளவு. கும்பம் நம் மாசி, மீனம் பங்குனி. மாசிப் பௌர்ணமியில் நட்டால் கிழங்கு நிலா மாதிரி உருண்டு திரளும் என்றுகூட அங்கே நம்புவார்கள். பௌர்ணமி என்றதும் நம் ஊர்க்காரர்களுக்குக் காது விரிகிறது, தெரிகிறது! ஆனால் நான் அதை அப்படியே ஒப்புக்கொள்ள மாட்டேன். அவர்களுக்குக் கோடை மழை முந்தி வரும், வைகாசி முடிவில் பெருமழை கொட்டும். நமக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 1,000 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு ஆடிக்குப் பிறகு, கார்த்திகை வரைக்கும். பங்குனி வெயிலில் இந்தப் பாறைச் சூட்டில் குழிக்குத் தண்ணீர் சுமப்பது யார்? நமக்குச் சித்திரை, வைகாசிதான் சரி. ஒரு கோடை மழை பெய்ததும் நடுங்கள். எட்டு மாதம் எண்ணுங்கள். எங்கே வந்து நிற்கிறது? தை! பொங்கலில் வந்து நிற்கிறது.

தண்ணீர்? அரிசி களைந்த நீர், காய் கழுவின நீர், இவை இரண்டுமே ஒரு வீட்டில் நாலைந்து குழிக்குப் போதும். சோப்புத் தண்ணீரை மட்டும் விடாதீர்கள். குழியில் தண்ணீர் தேங்கவும் கூடாது. தேங்கினால் தண்டின் கழுத்து அழுகும். ஐப்பசி அடைமழையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்தால் போதாது, வாய்க்கால் கீறிவிட வேண்டும்.

நட்ட பிறகு ஒரு மாதம் ஒன்றும் தெரியாது. இங்கேதான் பலர் பொறுமை இழந்து கிளறிப் பார்ப்பார்கள். கிளறாதீர்கள். ஒரு நாள் குத்தீட்டி போல ஒரு முளை மேலே வரும். பிறகு குடையாக விரியும். பச்சையும் வெளுப்புமாகத் திட்டுத் திட்டான தடித்த தண்டு. அதைத் தண்டு என்கிறோமே, அது தண்டே அல்ல, இலைக்காம்பு. ஓர் ஆண்டுக்குப் பெரும்பாலும் ஒரே இலை, சில செடியில் இரண்டு. மேலே இலை வெயிலைக் குடிக்கக் குடிக்க, மண்ணுக்குள் நட்ட துண்டு கரைந்துகொண்டே போகும். அதன் தலைமேல் புதுக் கிழங்கு திரண்டுகொண்டே வரும். நட்ட தாய்த்துண்டு தன்னையே கொடுத்துவிட்டு மறைந்துபோகிறது. இலை மஞ்சளாகி மடங்கிச் சாய்ந்தால், செடி செத்துவிட்டது என்று வருந்தாதீர்கள். சமையலுக்கு ஆள் அனுப்பலாம் என்று அர்த்தம்.

எவ்வளவு கிடைக்கும்? திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது. கிழங்குக்கென்றே ஒரு நிலையம்! அவர்கள் வெளியிட்ட ரகம் ஸ்ரீ பத்மா. ஆந்திராவில் கொவ்வூரிலிருந்து வந்தது கஜேந்திரா. அரிப்பு குறைவு என்பதால் இன்று சந்தையில் அதுதான் ராஜா. நல்ல வயலில், நல்ல பராமரிப்பில் குழிக்கு மூன்று கிலோ எடுக்கிறார்கள். வீட்டில் இரண்டு கிலோ என்று வையுங்கள். ஐந்து குழிக்குப் பத்துக் கிலோ. நாலு பேர் வீட்டுக்குத் தை முதல் சித்திரை வரை வாரம் ஒரு நாள் கருணை ஓடும். அடுத்த வருஷ விதைக்கும் மிஞ்சும்.

இன்னொரு எச்சரிக்கை. கிழங்கைத் தோண்டாமல் இரண்டு மூன்று வருஷம் மண்ணிலேயே விட்டால் சிலது பூக்கும். இலைக்கு முன்னால், மண்ணிலிருந்து நேராக, கருஞ்சிவப்பாக ஒரு பூ. வாசம்? எலி எங்கோ செத்துக் கிடக்கிறது என்று வீட்டையே புரட்டிப் போடுவீர்கள். பிணம் தின்னும் வண்டுகளைக் கூப்பிட அது செய்கிற தந்திரம். இதன் பெரியப்பா மகன் ஒருவன் சுமத்ரா காட்டில் இருக்கிறான். இத்தாலியரான பெக்காரி 1878இல் கண்டு உலகத்துக்குச் சொன்னார். 1889இல் லண்டன் கியூ தோட்டத்தில் முதன்முதலாகப் பூத்தது. இன்றைக்கும் ஏதாவது ஓர் ஊரில் அது பூத்தால், அந்த நாற்றத்தை முகர ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள்! ஜப்பான்காரர் இன்னொரு பங்காளிக் கிழங்கைப் பொடித்துக் கூழாக்கி, கட்டியாக்கி, கொன்னியாக்கு என்று தின்கிறார்கள். உலகம் இந்தக் குடும்பத்தைக் கொண்டாடுகிறது. நாம்தான் அரிக்கும் என்று ஒதுங்குகிறோம்.

ஆம், அரிக்கும். அதைப் பேசாமல் நான் இறங்க முடியாது. கருணையின் சதைக்குள் கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியாக இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஊசி. அவை தோலிலும் தொண்டையிலும் குத்துவதுதான் அரிப்பு. நம் பாட்டிமாருக்கு ஊசி தெரியாது, மருந்து தெரிந்தது. கையில் நல்லெண்ணெய் தடவு, ஈரக் கையால் தொடாதே, தோலைக் கனமாகச் சீவு, புளித்தண்ணீரில் வேகவை, அந்தத் தண்ணீரைக் கொட்டு என்றார்கள். அத்தனையும் சரி. பாட்டிமார் சொன்னதில் இன்னொன்றும் சரி: தோண்டின அன்றே சமைக்காதே. சில வாரம் கிடந்து நீர் வற்றின கிழங்கு அவ்வளவாக அரிக்காது. ஒழுங்காகப் புளி சேர்க்காமல் அவசரத்தில் இறக்கிவிட்டு, கிழங்கின் மேல் பழி போடுவது நியாயமா? சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

சித்த வைத்தியத்தில் தேரையர் பெயரில் வழங்கும் நோயணுகாவிதி, மண்ணடிக் கிழங்குகளை எல்லாம் விலக்கிவிட்டு, கருணைக்கு மட்டும் இடம் கொடுக்கிறது. மூல நோய்க்குக் கருணை லேகியம் இன்றும் கடைகளில் கிடைக்கிறது. அங்கே சொன்னது பெரிய கருணையா பிடிகருணையா என்ற வழக்கை வைத்தியர்களிடமே விட்டுவிடுகிறேன். நான் அடுப்படியோடு நிற்கிறேன்.

அடுப்படியில் இதற்கு ஈடு எது? காரக்குழம்பில் போட்டால் புளியையும் காரத்தையும் உள்ளே வாங்கிக்கொண்டு மெத்தென்று நிற்கும். புரட்டாசியில் மீன் வறுவல் மசாலாவைத் தடவித் தோசைக்கல்லில் போடுங்கள். ஐந்தாவது சனிக்கிழமை வரைக்கும் நாக்கைக் கட்டிப்போட்டு வைக்கும். எத்தனை வீட்டில் அந்த ஒரு மாதத்தின் மானத்தைக் காப்பாற்றுவது இந்தக் கிழங்கு என்று இங்கே சிரிக்கிறவர்களுக்குத் தெரியும்! பிறகு மார்கழித் திருவாதிரை. நம் கோயிலில் தீப மை நடராஜருக்குச் சாத்தப்படுகிற நாள். அன்றைக்கு வீட்டில் களி. களிக்கு ஏழுகறிக் குழம்பு. பூசணியும் மொச்சையும் அவரையும் சர்க்கரைவள்ளியும் இருக்கலாம். கருணை விழாத குழம்பை நான் ஏழுகறிக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் லட்சக்கணக்கான பேர் 14 கிலோமீட்டர் சுற்றி வருகிற ஊர் இது. வருகிறவர்களுக்குச் சோறு போடுகிற ஊர். அந்த அன்னதானச் சாம்பாரில் விழுகிற காய் லாரியில்தான் வருகிறது. எல்லாவற்றையும் நம் கொல்லையில் விளைவித்துவிடலாம் என்று நான் கதை விட மாட்டேன். ஒரு தெருவில் பத்து வீடு, வீட்டுக்கு ஐந்து குழி. தையில் அந்தத் தெருவில் நூறு கிலோ கருணை. இதில் எந்தக் கணக்கு இடிக்கிறது? அரசாங்கத்தின் திட்டம் வேண்டாம், மானியம் வேண்டாம். சந்தேகம் கேட்க ஆள் வேண்டுமென்றால் வாழவச்சனூரில் வேளாண் கல்லூரி இருக்கிறது, கீழ்நெல்லியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. போய்க் கேளுங்கள், சொல்வார்கள்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை கருணை வாங்கப் போகும்போது, கடைக்காரர் ஓரத்துண்டை வெட்டி எடுத்து நிறுத்தால் வாங்காதீர்கள். “அண்ணே, கண் இருக்கிற தலைத்துண்டு கொடுங்க” என்று கேளுங்கள். தலைத்துண்டு கரடு, தோல் அதிகம் கழியும் என்று எல்லோரும் ஒதுக்குவது அது. விலையைக் கொஞ்சம் குறைத்தே கொடுப்பார். கண்ணோடு ஒரு கனமான சில்லை எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைச் சமையுங்கள். எடுத்து வைத்ததை நிழலில் போட்டுவையுங்கள். சித்திரையில் ஒரு மழை பெய்யும். அன்றைக்கு மண்வெட்டியை எடுங்கள். மண்வெட்டி இல்லாதவர்கள் பக்கத்து வீட்டில் கேளுங்கள். அப்படியே அவர்களுக்கும் ஒரு துண்டு கொடுத்துவிட்டு வாருங்கள்.